நீலச் சாக்ஸ் போட்ட அம்மா

பௌர்ணமி கிரிவலத்தில் எனக்கு முன்னால் ஒரு அம்மா நடந்து போனார்கள். நெற்றி நிறைய விபூதி. காலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற மாதிரி நீலச் சாக்ஸ். பக்கத்தில் யார் வந்தாலும், "எனக்கு சக்கரை வியாதிங்க" என்று தானாகவே சொல்லிவிடுவார்கள்.

"சாமியைச் சுத்தறப்ப காலுக்கு என்னம்மா உறை?" என்று ஒருவர் அதட்டினார்.

"சக்கரைங்க. முள்ளு குத்துனாக்கூட எனக்குத் தெரியாது. அண்ணாமலையாருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் சொல்லணும்."

அதட்டியவரே சிரித்துவிட்டார். வெறுங்காலோடு நடந்த நான் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்: "எனக்கும் இருக்குதும்மா. பயந்துடுவாங்கன்னு வீட்டுல சொல்லல."

"என்கிட்ட சொல்ல வாய் வந்துச்சுல்ல அண்ணே? வீட்டுலயும் வரும், போங்க."

கொஞ்ச தூரத்தில் அவர்களைக் கூட்டத்தில் தவறவிட்டேன்.

விடிந்ததும் மனைவியிடம் சொன்னேன். அழுதாள். அடுத்த பௌர்ணமிக்கு அவளே எனக்குச் சாக்ஸ் வாங்கி வந்தாள்.

அதை அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கிரிவலத்தில் எல்லாரும் மலையைப் பார்த்து நடக்கிறார்கள். நான் மட்டும் இன்னும் கால்களைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறேன். அண்ணாமலையார் கோவித்துக்கொள்ள மாட்டார்.