குய்யிங் மகனுக்கு எத்தனை வேலை

சீனம் பேசும் வெளிநாட்டவரில் பாதிப்பேருக்கு, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். சரி, பாதியெல்லாம் இல்லை. சீனாவின் தியென்சின் நகரில் ஒரே ஒரு கல்லூரி, இருபத்தாறு வருஷம்.

முதல் மாதம் முடிந்ததும் மாணவர்களை உணவுக்கூடத்துக்கு விரட்டிவிடுவேன். பன் கொடுக்கும் ஜன்னலில் இருக்கும் ஹான் குய்யிங்கிடம் குடும்பத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டு, பதிலை எழுதிவர வேண்டும். வரிசை எவ்வளவு முணுமுணுத்தாலும் அவள் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்லுவாள்.

நோட்டுகளைத் திருத்தும்போதுதான் வேடிக்கை தெரிந்தது. அவளுக்கு ஒரே மகன். ஒரு நோட்டில் டாக்டர், அடுத்ததில் ரயில் ஓட்டுநர், இன்னொன்றில் வக்கீல்.

"ஏம்மா குய்யிங், உன் மகன் ஒரு வேலையில தங்கமாட்டானா?"

"எல்லாரும் ஒரே பதில் எழுதுனா காப்பியடிச்சீங்களான்னு திட்டுவீங்க, டீச்சர். அதான் ஆளுக்கொரு வேலை குடுக்குறேன்."

"நெசமா என்ன பண்றான்?"

"பன் ஆறுது. எடுத்துட்டுப் போங்க."

எனக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. பெருமைக்காரியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அடுத்த பருவத்தில் ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: மகனுக்கு என்ன வயசு? எர்லான் என்ற கசாக் மாணவன் கேட்கப் போனான். நான் தட்டோடு அவன் பின்னால் நின்றேன்.

"உங்க மகன் என்ன வேலை பாக்குறார்?"

"விமானம் ஓட்டுறான்."

"அவருக்கு என்ன வயசு?"

பன்னை எடுக்கப்போன இடுக்கி அப்படியே நின்றது. இந்தக் கேள்விக்கு அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஒம்பது," என்றாள்.

எர்லான் பொறுமையாகத் திருத்தினான். "இருபத்தொம்பதுன்னு சொல்லணும், அத்தை. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு வேலை கிடையாது."

"ஆமாப்பா," என்றாள் குய்யிங். "வேலை கிடையாது."

சமையற்கட்டில் விசாரித்தேன். இருபது வருஷத்துக்கு முந்தி, மார்ச் மாதம். மகன் உறைந்த ஆற்றில் சறுக்கி விளையாடப் போனான். பனிக்கட்டி அதற்குள் மெலிந்துபோயிருந்தது.

ஐந்தாவது கேள்வியை அடித்துவிட்டு, ஒரு பை ஆப்பிளோடு அவள் முன்னால் போய் நின்றேன். "எனக்கு மனசுல ஒண்ணுமில்ல, டீச்சர்," என்று வாங்கிக்கொண்டாள். மன்னித்துவிட்டாள். அந்த மாதமே முட்டிவலி வந்து, அவளைப் பாத்திரம் கழுவும் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதுவரை எழுதியதை, அதே உணவுக்கூடத்தில் மாவை இழுத்து நூடுல்ஸ் செய்யும் தெங் என்பவனிடம் இன்று வாசித்துக் காட்டினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"முட்டிவலியா? ஜன்னல்லயாவது உக்கார ஸ்டூல் இருந்துச்சு, டீச்சர். பின்கட்டுல நாள் பூரா நிக்கணும். அவங்களாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்க. அங்க எந்தப் பிள்ளையும் கேள்வி கேக்க வராதுல்ல."