கறுப்புத் துணியில் ஜமைக்கா வெயில்

திருப்பூருக்கு ஊர் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. வேலை இருந்தால் போவார்கள், முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் போனதும் வேலையாகத்தான். பையில் ஆறு கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. எல்லாம் ஐம்பதுகளில் ஜமைக்காவில் எடுத்தவை. பழைய படத்தைத் துணியில் அச்சடிக்க எங்கே போகலாம் என்று சிலர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தேன். டோரத்தி என்ற ஜமைக்காக்காரம்மா எங்களிடம் பனியன் வாங்க வந்தார். அவருடைய அப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுத்தவர். அந்தப் படங்களை அவர்கள் ஊரில் கண்காட்சியாக வைக்கப் போகிறார்கள். படத்தில் இருப்பவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் தங்கள் முகம் போட்ட பனியனோடு திறப்பு விழாவுக்கு வர வேண்டும் என்பது டோரத்தியின் ஆசை.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பள்ளிக்கூடச் சிறுமிகள், கடற்கரையில் கிரிக்கெட் என்று ஐந்து படங்கள். ஆறாவது படத்தில் தலையில் வாழைக்காய்க் கூடையோடு ஒரு பெண். "வாங்கப் போறியா, இல்ல சும்மா நிக்கிறியா" என்று கேட்கிற மாதிரி கேமராவை முறைக்கிறாள். அவள்தான் டோரத்தியின் அம்மா. முறைத்தவளையே அப்பா கட்டிக்கொண்டாராம்.

டோரத்தி வெள்ளிக்கிழமை திருப்பூர் வருவார். மாதிரி பிடித்தால் ஆர்டர் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் படங்களை வாங்கிக்கொண்டு வேறு நாட்டைப் பார்த்துப் போய்விடுவார். என்னைத் தனியாக அனுப்பிய முதல் வேலை அது. "அவளுக்கு என்னய்யா தெரியும்" என்று மானேஜர் என் காதுபடவே சொன்னார். இருடா உனக்கு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

சென்னையிலிருந்து சுமார் நானூற்றைம்பது கிலோமீட்டர். இரவு வண்டி பிடித்தால் விடியும்போது திருப்பூர். புதன்கிழமை காலை இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் தாராபுரம் ரோட்டில் இருக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அவிநாசிபாளையம் போற பஸ்ஸு அந்த வழியாத்தானுங்க போகுது. ரெண்டு ரூவாயில போறதுக்கு எதுக்குங்க ஆட்டோ" என்று பஸ்ஸைக் கைகாட்டினார். இப்படி ஓர் ஆட்டோக்காரரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிற கூட்டம். படங்கள் கசங்காமல் இருக்கப் பையை மார்போடு அணைத்துக்கொண்டே நின்றேன்.

யூனிட் முதலாளி காதர் பாய். வாய் நிறைய மரியாதை, கை நிறைய மை. "போட்டோவெல்லாம் நம்ம செல்வராஜ் பார்த்துக்குவாருங்க. நாளைக்கு வாங்க, முடிச்சுத் தந்துர்றோம்" என்றார். ஆர்ட்டிஸ்ட் செல்வராஜ் திருநெல்வேலிப் பக்கம், நான் தூத்துக்குடி. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் தைரியம் வந்து, படங்களைக் கொடுத்துவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை வெள்ளைப் பனியனில் அச்சு தயாராக இருந்தது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடைக்காரம்மா பவுடர் அப்பிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெளுத்துப் போயிருந்தார். மூட்டை தூக்குகிறவர்களும் அப்படியே. செல்வராஜ் அதற்கு முன் கல்யாண ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கும் டச்சப் வேலை பார்த்தவராம். அங்கே செய்ததையே இங்கேயும் செய்திருக்கிறார்.

"ரொம்பக் கறுப்பா இருந்தாங்க மேடம். பாவமேன்னு கொஞ்சம் தெளிவாக்குனேன்."

"அண்ணாச்சி, என் மூஞ்சியப் பாருங்க. என்னையும் தெளிவாக்கிருவீங்களோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. காரணம் இருக்கிறது. என்னைப் பெண் பார்க்க அனுப்பிய போட்டோவையும் எங்கள் ஊர் ஸ்டூடியோவில் இப்படித்தான் வெளுத்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

டச்சப் இல்லாமல் அடிக்கச் சொன்னேன். அது இன்னும் மோசம். பனியன் துணி மையை உறிஞ்சிப் பரப்பிவிடுகிறது. கண், மூக்கு எல்லாம் ஒன்றாகிக் கறுப்புத் திட்டாக நின்றது. "வெள்ளையாக்கினாத்தானுங்க மூஞ்சி தெரியும். இந்தப் பனியன் துணியில வேற வழி இல்லீங்க" என்றார் காதர் பாய். மதியம் ஆகிவிட்டது. டோரத்தி நாளைக்கு வந்துவிடுவார். மானேஜரின் சிரிப்பு கண்முன் வந்து போனது.

ஏதோ கேன்சல் ஆன ஆர்டராம், மூலையில் கறுப்புப் பனியன் மலையாகக் கிடந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தேன். மடியில் கூடைக்காரம்மாவின் படம், கீழே கறுப்புத் துணி. இரண்டும் ஒரே நிறம். சட்டென்று எழுந்தேன்.

"பாய், கறுப்பை எதுக்கு அச்சடிக்கணும்? துணியே கறுப்பா இருக்கே. வெயில் பட்ட இடத்தை மட்டும் வெள்ளையில அடிப்போம்."

"வெள்ளை மை கறுப்புத் துணியில எடுக்காதுங்க. மங்கிப் போயிரும்."

"ரெண்டு தடவை அடிங்க."

"ரெண்டாவது தடவை நூலளவு நகந்தாலும் ரெண்டு மூக்கு வந்துருமுங்க."

இவ்வளவு நேரம் தலைகுனிந்திருந்த செல்வராஜ் எழுந்தார். "நகராம நான் அடிக்கேன் பாய். படத்தக் காப்பி எடுத்த நெகட்டிவ்ல நான் கை வைக்கவே இல்ல, அதுல வெயில் பட்ட எடந்தான் கறுப்பா இருக்கும். அதையே நேரா ஸ்கிரீன் வலையில ஏத்திட்டா, வெள்ளை மை அங்க மட்டும் எறங்கும். டச்சப்பே வேண்டாம்லா."

சாயந்தரம் முதல் பனியன் வந்தது. கன்னத்து மேடு, கண்ணின் வெள்ளை, தோளில் விழுந்த வெயில், கூடையின் பின்னல், இவ்வளவுதான் மை. மீதியெல்லாம் துணி. ஆனால் கூடைக்காரம்மா அப்படியே நின்று முறைத்தார். "ஆளு உசுரோட வந்துட்டாங்க சாமி" என்றார் காதர் பாய். செல்வராஜ் என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காத தங்கச்சி" என்றார். அதற்குள் மேடம் போய்த் தங்கச்சி ஆகியிருந்தேன். என் கோபமும் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விமானத்தில் கோயம்புத்தூரில் இறங்கி, ஐம்பது கிலோமீட்டர் காரில் டோரத்தி வந்து சேர்ந்தார். மேஜையில் பழைய வெள்ளைப் பனியனை யாரோ எடுக்காமல் விட்டிருந்தார்கள். அதைக் கையில் எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"இது யார்?"

கறுப்புப் பனியனை விரித்து அவர் முன்னால் பிடித்தேன். டோரத்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அதை வாங்கி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். "இதற்கு முன் அச்சடித்தவர்கள் எல்லாம் அம்மாவைச் சாம்பல் நிறமாக்கினார்கள். இதில்தான் அம்மா அம்மாவின் நிறத்தில் இருக்கிறாள்" என்றார். ஆறு படங்களுக்கும் அங்கேயே ஆர்டர் போட்டார். காதர் பாய் எல்லோருக்கும் பிரியாணி சொன்னார். மானேஜருக்கு எஸ்.டி.டி. போன் போட்டு நானே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

போகிறவர்களுக்கு: அசல் படத்தைக் கொடுத்துவிட்டு லாட்ஜில் போய்த் தூங்காதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். மாதிரியைத் துணியிலேயே அடித்துப் பாருங்கள், காகிதத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். தாராபுரம் ரோட்டுக்கு பஸ்ஸே போதும்.

அன்று சென்னை ரயிலுக்கு நேரம் இருந்ததால், ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். "கொஞ்சம் கலர் ஏத்தித் தரட்டுங்களா?" என்று வழக்கம்போலக் கேட்டார்கள்.

"வேண்டாங்க. உள்ளபடியே குடுங்க."

இந்தப் பக்கத்தின் மேலே, கேமராவை முறைத்துக்கொண்டு இருக்கிறேனே, அந்தப் படம்தான் அது.