திரண்ட கருத்து

பத்தாம் வகுப்புத் தமிழில் மட்டும் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறையும் தனித்தேர்வராக விண்ணப்பித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது.

ஒன்பதாவதில் பாதியில் பள்ளியை விட்டவன். தூத்துக்குடி, விசாகப்பட்டினம் என்று துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிவிட்டு, எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். அங்கே கேட் ஆபீஸில் ஒரு நிரந்தர இடம் காலியானது. பத்தாவது சான்றிதழ் இருந்தால் உனக்கு, இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பலாம் என்றார் மேலாளர். கிளம்புவது எனக்குப் புதிதில்லை. அந்த முறை மட்டும் மனம் வரவில்லை.

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் டியூஷன். டீச்சர் என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணா என்பார். கவிதை நயம் பாராட்டலில் எதுகையும் மோனையும் எனக்கு உடனே வந்துவிடும். ஒரே எழுத்து எங்கெங்கே வருகிறது என்று பார்ப்பதுதானே. திரண்ட கருத்தில்தான் விழுவேன்.

ஒரு நாள் தந்த பாட்டில், ஒருத்தி தினமும் இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கிறாள். ஒன்றைச் செலவழிக்கிறாள். மற்றதை மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைக்கிறாள். நான் எழுதினேன்: "ஒரு குடம் போதும். இரண்டாவது வீண்."

"ரெண்டாவது குடம் யாருக்குண்ணா?"

"பாட்டுல சொல்லலியே டீச்சர்."

"சொல்லல. அதுக்குத்தான் மார்க்கு."

யார்டில் என் வேலை, வருகிற பெட்டியைச் சுற்றிவந்து பழுதைக் குறிப்பது. இடப்பக்கம் ஒரு சாண் நசுங்கல், கதவில் துரு. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். முதல் மாதத்தில், 'டிரைவர் இடித்திருக்கலாம்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதிவிட்டேன். அந்த ஆளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் இடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் என் பேனா கண்ணைத் தாண்டிப் போனதில்லை. டீச்சரிடம் இதைச் சொன்னேன்.

"நெனைக்கிறத எழுதுங்க. எந்த வரி உங்கள அப்படி நெனைக்க வச்சுதோ அதையும் கூட எழுதுங்க. அப்ப அது பொய் ஆகாது" என்றார்.

யார்டில் கிரேன் ஓட்டுகிற நண்பனிடம் அந்தப் பாட்டைச் சொன்னேன். "இன்னா மாமு, இந்த வயசுல உனக்கு இது தேவையா? தண்ணி லாரி வராத நாளைக்கு எடுத்து வச்சிகினு கீறான்னு எழுதிட்டு போ. டோல்கேட்ல எங்க வூட்லயும் அப்டிதான் கீது" என்றான். எனக்கு அதுவும் சரியென்றே பட்டது. அறைக்குப் போனால் இதைப் பற்றிப் பேச ஆளில்லை. என்னிடம் இருந்தது ஒரே குடம்.

தேர்வில் வந்த பாட்டில் ஒரு கிழவர், பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துப் பெருக்குகிறார். பூட்டுக்கு எண்ணெய் விடுகிறார். எதுகை, மோனையை முடித்துவிட்டு, பூட்டு வருகிற வரியைத் திரும்பப் படித்தேன். பிறகு எழுதினேன்: "அவர்கள் வருவார்கள் என்று இவர் நம்புகிறார். திறக்காது என்று நினைப்பவர் பூட்டுக்கு எண்ணெய் விடமாட்டார்." யாருக்காவது வேலை போய்விடுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தேறிவிட்டேன். டீச்சருக்கு போன் செய்தேன், சந்தோஷம் என்றார். புது மாணவர்கள் உட்கார்ந்திருந்ததால் அதிகம் பேச முடியவில்லை.

நிரந்தர வேலைக்கான படிவத்தை ஆபீஸ் கிளார்க் நீட்டினார். பெயர், வயது, படிப்பு எல்லாம் நிரப்பினேன். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருக்கிறாள். கடைசியாக அங்கே போய் ஒன்பது வருடம் ஆகிறது. எண்ணூரிலிருந்து பஸ்ஸில் அப்படியொன்றும் தூரமில்லை.

"இன்னா நைனா, அட்ரஸ் காலியா கீது?"

"வூட்டு நம்பர் மறந்துட்ச்சு சார்."

"போய்ப் பாத்துட்டு வந்து எழுது. அவசரமில்ல."

கேட் ஆபீஸில் உட்கார ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. அட்ரஸ் இடம் நிரம்பாமல் படிவம் இன்னும் கிளார்க் மேஜையில்தான் கிடக்கிறது.