லானின் யூனிட்

யூனிட் ஃபினிஷ்

ஓக்லாந்தில், ஒனேஹங்காவில் சட்டை தைக்கிற ஃபக்டரி. ஒரு காலை, பக்கத்து மெஷினில் இருந்த லான் தையலை நிறுத்தாமலே என்னிடம் சொன்னாள்: "யூனிட் ஃபினிஷ்."

லான் கன்டன் பக்கத்துச் சீனப் பெண். காய்கறிக் கடை வைத்திருந்த தாய்மாமனிடம் வந்திருந்தாள். அவள் கொலர் தைப்பாள், நான் கைநுனிக் கஃப் தைப்பேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரிடமும் இருந்தது கொஞ்ச ஆங்கிலச் சொற்கள்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூச்சமும் கூட. தெரிந்த சொல்லைச் சொல்லவே வாய் வராது. அதனால்தானோ என்னவோ, எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

ஓக்லாந்தில் யூனிட் என்றால் சின்ன வாடகை வீடு. நாங்களே ஹில்ஸ்பரோவில் ஒரு யூனிட்டில்தான் இருந்தோம். மாமன் வீட்டில் ஏதோ சண்டை, இவளை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கண் வேறு சிவந்திருந்தது.

வீட்டுக்குப் போய் முன்னறையில் கிடந்த பெட்டிகளை ஒதுக்கி, மெத்தை போட்டேன். என் புருஷன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆர் வரப்போகினம்?"

"என்னோட வேலை செய்யிற சீனப் பிள்ளை. வீட்டால எழுப்பிப்போட்டினமாம்."

"கலவரத்தில எங்கட வீடு எரிஞ்ச நேரம் எங்களுக்கும் ஆரோ கதவு திறந்தவைதானே. வரட்டும்," என்றார்.

அடுத்த நாள் ஸ்மோகோ நேரம், அதுதான் தேத்தண்ணி இடைவேளை, லானிடம் என் யூனிட் கதவுத் திறப்பைக் காட்டி, "யூ கம். மை யூனிட்," என்றேன். அவள் திறப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் விழித்தாள். நான் எழும்பிப்போய் ஸ்டெல்லா அக்காவைக் கூட்டிவந்தேன்.

ஸ்டெல்லா அக்கா எங்கள் சூப்பர்வைசர். மலேசியாவில் ஈப்போக்காரி, தமிழ்தான். சீனக் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் கன்டனீஸ் தண்ணீர் மாதிரி வரும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். அக்கா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அய்யோ தங்கச்சி, அது வீடு இல்லலா. அவங்க ஊருல யூனிட்னா வேலை செய்யிற எடம். இவளுக்கு ஒரு துணி மில். அந்த மில்லுதான் வீடு குடுக்கும், மருந்து குடுக்கும், புள்ளைய நர்சரியில பாத்துக்கும், வயசானா பென்ஷன் குடுக்கும். கல்யாணம் கட்டவும் அதுகிட்டதான் கேக்கணும், புள்ள பெக்கவும் அதுகிட்டதான் கேக்கணும்."

"பிள்ளை பெறவுமா?"

"ஆமா. ஒண்ணுதான் பெக்கலாம். இவளுக்கு ஒரு பொண்ணு. புருஷனோட அந்த மில் வீட்டுலதான் இருக்கா."

லான் சம்பளமில்லாத லீவில் வந்தவளாம். லீவு முடிய முன் திரும்பினால் அவளுடைய இடம் அவளுக்கு. அந்த நம்பிக்கையில்தான் பால்குடி மறந்த பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள். இப்போது மில்லுக்குப் புது மேனேஜர். நட்டம் வந்தால் அரசாங்கம் இனிக் கைகொடுக்காதாம். ஹாங்காங் முதலாளி ஒருவர் பங்குக்கு வந்திருக்கிறார். லீவில் போனவர்களைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று புருஷன் எழுதியிருந்தார்.

"அதுக்குப் பேரு சீர்திருத்தம்," என்றார் அக்கா. "இங்க போஸ்ட் ஆபீஸ்லயும் ரயில்வேலயும் ஆள கொறைக்கிறாங்களே, அதே மருந்துதான். பாட்டில்தான் வேற."

ரெலிபோன்

புருஷன் எழுதியதை லான் நம்பவில்லை. மில்லிடமே கேட்க வேண்டும் என்றாள். ஸ்டெல்லா அக்கா முதலாளியிடம் கெஞ்சி அவருடைய அறையில் ரெலிபோன் எடுக்க அனுமதி வாங்கினார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. லான் என் கையைப் பிடித்திருந்ததால் நானும் போனேன்.

லைன் கிடைக்க நெடுநேரம் ஆனது. கிடைத்ததும் லான் எழும்பி நின்று கதைத்தாள், யாரோ பெரியவர் முன்னால் நிற்கிற மாதிரி. முதலில் வேகமாகச் சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். பதில் வந்தது. ரெலிபோனை மெல்ல வைத்தாள்.

வெளியே வந்த பிறகு அக்கா எனக்குச் சொன்னார். "எடம் இல்லையாம். புதுசா ஆளு எடுக்கறாங்களாம், கிராமத்துப் பொண்ணுங்க, எல்லாம் கான்ட்ராக்ட். முப்பது வயசுக்கு மேல வேணாமாம்."

"கடைசியா என்ன கேட்டவ?"

"வீடு இருக்குமான்னு. புருஷன் வேலையில இருக்கற வரைக்கும் இருக்குமாம். அவன் வேலையும் எத்தன நாளைக்கோ."

திரும்பிப் போனால் பிள்ளையோடு இருக்கலாம், வேலை இல்லை. இங்கே நின்றால் வேலை இருக்கிறது, பிள்ளை இல்லை. "வராதே, ஒருத்தன் சம்பளத்தில் முடியாது," என்று புருஷன் சொல்லிவிட்டார். லான் இங்கேயே, மாமன் வீட்டிலேயே நின்றாள். நான் முன்னறை மெத்தையைச் சுருட்டி வைத்தேன். அவளுக்குப் போனது நான் கொடுக்கக்கூடிய சாமான் இல்லை.

குட் கொலர்

சில மாதம் கழித்து முதலாளி எல்லோரையும் கட்டிங் மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னார். கையில் ஒரு புதுச் சட்டை. வெளிநாட்டுச் சாமானுக்கு இருந்த தடையெல்லாம் நீங்குகிறது, நாங்கள் துணி வாங்குகிற விலைக்கே இந்தச் சட்டை தைத்தே கப்பலில் வந்து இறங்குகிறது, இனி ஃபக்டரியை நடத்த முடியாது என்றார்.

சட்டை கைமாறி வந்தது. லேபிளில் சீனாவென்று இருந்தது. பொத்தான் துளை தைக்கிற காஜா மெஷின் பெண் ஒருத்தி அதை லானின் மடியில் எறிந்தாள்.

"உன்ர ஆக்கள்தானே தைக்கினம். இப்ப சந்தோஷமோ?" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

லான் மறுமொழியைக் கன்டனீஸில் சொன்னாள். ஸ்டெல்லா அக்கா அதை அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"'என் மெஷின்லயும் இப்ப அவங்கதான் உக்காந்திருக்காங்க'ன்றா."



லேபிளின் அடியில் சீன எழுத்தில் ஊர்ப்பெயர் இருந்தது. அவளுடைய ஊர்தானாம். அவளுடைய மில்லா என்று அக்கா கேட்டதற்குத் தெரியாது என்று தலையாட்டினாள். பிறகு கொலரைப் புரட்டினாள். நுனியை நகத்தால் நீவினாள். இரண்டு நுனியையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். நாங்கள் வேலை பழகும்போது அக்கா பார்க்கிற அதே பார்வை.

"குட் கொலர்," என்று என்னிடம் சொன்னாள். சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள். மிச்சமிருந்த துணிப் பண்டில் முடிய வேண்டுமே.

ஃபக்டரி மூடிய பிறகு நான் ஆஸ்பத்திரி லோண்டரிக்குப் போனேன். லான் மாமனின் கடையில் பூக்கோவாவுக்கு, அதுதான் காலிஃபிளவருக்கு, இலை வெட்டினாள். ஒருநாள் சாமான் வாங்கப் போனபோது, "டோட்டர்?" என்று மகளைப் பற்றிக் கேட்டேன். அவள் கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைத் தன் தோள் உயரத்துக்குக் காட்டினாள். அவ்வளவு வளர்ந்துவிட்டாளாம். "கம்?" என்று, மகள் இங்கே வருவாளா என்று கேட்கத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

வேலைக்குப் போகிற பிள்ளைகளே, நான் பழகிக்கொண்டது இதுதான். வேலை போனது என்று ஒருவர் வந்து சொன்னால், வேறு வேலை கிடைக்கும் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்த வேலையோடு இன்னும் என்னென்ன போனது என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.