அவ்வளவுதான் அக்கா

நன்றி சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் குறைவு. மேடையில் சொல்கிறவர்களுக்கு அது வேறு வழியில் வந்து சேர்ந்துவிடுகிறது. அக்கா மட்டும் ஒளிவுமறைவில்லாமல் இதையே வேலையாகச் செய்து, மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

நோயாளிகளின் வீடுகளுக்குச் சக்கர நாற்காலி, கட்டில், ஊன்றுகோல் எல்லாம் இரவல் கொடுக்கிற தொண்டு நிறுவனம் அது. இரண்டே அறை. பின்னறையில் மடக்கிய நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற கூட்டம்போல் நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் அதை வாங்கிக் கொடுத்தவர் பெயர். முன்னறையில் ஒரு ஜன்னல், ஒரு தொலைபேசி, அக்கா. யாராவது நாற்காலி வாங்கிக் கொடுத்தால், அது எந்த வீட்டுக்குப் போனது, அங்கே என்ன செய்கிறது என்று அவர்களுக்குப் போன் செய்து சொல்லி, நன்றி தெரிவிப்பதுதான் அக்காவின் வேலை.

அதற்கு முன் பாதி ஆயுளை அவர் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் கழித்திருந்தார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அக்காவுக்குத் திட்டு. வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால் கூடுதல் திட்டு. ஓய்வு பெற்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. திட்டு வாங்குவது சுலபம். திட்டுகிறவனுக்கு நம்மேல் சந்தேகமே கிடையாது. நன்றி என்று வாயெடுத்தால்தான் மறுமுனை உஷாராகிவிடுகிறது.

"நல்லதும்மா. சரி, விஷயத்துக்கு வாங்க" என்பார்கள்.

"விஷயம் அவ்வளவுதாங்க."

"இல்ல, இப்ப எவ்வளவு வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. உங்க கட்டில்ல ஒரு அம்மா நல்லாத் தூங்கறாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவ்வளவுதான்."

சிலர் போனை வைத்துவிட்டுத் தங்கள் வங்கிக் கணக்கைப் போய்ப் பார்த்ததாகவும் கேள்வி. ஆனால் நாளாக நாளாக அந்தக் குரல் பழகிவிட்டது. நன்றி சொல்கிற போனில் எதையும் கேட்பதில்லை, நடக்காததைச் சொல்வதில்லை என்று அக்கா தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம் அவருக்கு ஒரு பெயரையும் வாங்கித் தந்தது. நன்கொடையாளர்கள் நடுவில் அவர் 'அவ்வளவுதான் அக்கா'.

வீட்டில் மட்டும் இந்தப் புகழ் எடுபடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற கணவர் காபி டம்ளரை நீட்டும்போதெல்லாம் கேட்பார்: "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நன்றி சொல்லிட்டு வர்ற. காபி போட்டவனுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"நன்கொடைக்குத்தான் நன்றி. கடமைக்குக் கிடையாது."

"அப்ப நாளையிலேர்ந்து நன்கொடையாப் போடறேன். முதுகுல பேர் எழுதி வை."

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பூட்டுக்கடை முதலாளி வந்து சேர்ந்தார். கடைத்தெருவில் மூன்று மாடி முழுக்கப் பூட்டு விற்கிறவர். யாரையும் நம்பாத முகம், தொழிலுக்கு ஏற்றதுதான். ஒரே ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்திருந்தார். அக்கா போன் செய்தபோது எடுத்தவுடன், "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாங்க. உங்க நாற்காலி ஒரு பெயிண்டர் வீட்டுல இருக்கு. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சவர். தினமும் சாயங்காலம் அதுல உட்கார்ந்து வாசல் வரைக்கும் வந்து, எதிர்வீட்டுச் சுவருக்கு யாரோ அடிச்ச பெயிண்டைக் குறை சொல்லிட்டு உள்ள போறாராம். நன்றிங்க. அவ்வளவுதான்."

"என்ன குறை சொல்றார்?" என்றார் முதலாளி.

"ரெண்டாவது கோட் அடிக்கவே இல்லையாம்."

முதலாளி சிரித்தார். அவர் கடை ஊழியர்கள் யாரும் கேட்டிராத சத்தம் அது. பிறகு, நாற்காலியெல்லாம் வீடுகளுக்கு எப்படிப் போகிறது, சொந்தமாக வேன் இருக்கிறதா என்று விசாரித்தார். வாடகை வண்டிதான் என்றார் அக்கா. "அந்தப் பெயிண்டரை ஒரு தடவை பார்க்கணும். அடுத்த வாரம் வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

அக்கா இதை நிறுவனத்தின் பொருளாளரிடம் சொன்னார். பொருளாளர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், நன்கொடை என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். "வேன் இருக்கான்னு கேட்டாரா? அவராவே கேட்டாரா? அப்ப வேன் தரப்போறாரும்மா" என்றார். அன்று மாலைக்குள் வேனுக்கு என்ன நிறம் என்பதுவரை முடிவாகிவிட்டது.

முதலாளி வருவதற்கு முன் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று அக்கா பெயிண்டர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது பெயிண்டர். நின்றுகொண்டு திறந்தார். கையில் கைத்தடி இருந்தது. ஆனால் அதை ஊன்றவில்லை, பூனையை விரட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க" என்று முன்னால் நடந்தார். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாலும் நடைதான். உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு குன்று துவைத்த துணி உட்கார்ந்திருந்தது.

பெயிண்டரின் மனைவி சங்கடப்பட்டார். "இவரு நடக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சும்மா. திருப்பிக் கொடுத்துடணும்னுதான் நினைச்சிட்டே இருக்கோம். நாளைக்கு நாளைக்குன்னு துணி சேர்ந்துடுது."

தப்பு தன்னுடையது என்று அக்காவுக்குப் புரிந்தது. நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் முன்பு எப்போதோ வந்து சொன்னதை, நேற்று நடந்ததுபோல் போனில் சொல்லியிருக்கிறார். சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் ஆறிப்போன உண்மை. மனதைப் பிடுங்கியது வேறொன்று. பின்னறை நாற்காலிகள் எல்லாமே பழுதுபார்க்கக் காத்திருப்பவை. நல்ல நாற்காலிக்காக ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் காத்திருந்தார். அவரைக் குளியலறைக்கு மகள் தூக்கிக்கொண்டு போகிறாள். அந்த நாற்காலி இங்கே துணி சுமந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கே எடுத்துடலாம்" என்று பொருளாளரிடம் போய்ச் சொன்னார் அக்கா.

"எடுக்கலாம். முதலாளி வந்துட்டுப் போனதும் எடுக்கலாம்" என்றார் பொருளாளர். "அவர் வர்றது உட்கார்ந்திருக்கிற பெயிண்டரைப் பார்க்க. நடக்கிற பெயிண்டரை அவர் எங்க வேணும்னாலும் பார்க்கலாமே. அரை மணி நேரம் அந்த மனுஷன் உட்கார்ந்தா என்னம்மா குறைஞ்சிடும்?"

"பொய்யில்லையா சார்?"

"பொய் சொல்லச் சொன்னேனா? உட்காரச் சொல்றேன். உட்கார்றது பொய்யா? இப்ப நீங்களும் நானும் உட்கார்ந்துதானே பேசிட்டிருக்கோம்."

வங்கியில் இருந்தவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. தவிர, வேன் என்பது அக்காவுக்கும் கசக்கிற சொல் இல்லை. வேன் இருந்தால் டீச்சரைப் போன்றவர்கள் வாடகை வண்டிக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். ஒரு பக்கம் வேன். இன்னொரு பக்கம், அக்கா போனில் சொன்னால் அப்படியே நம்பலாம் என்று ஊரில் சிலர் வைத்திருந்த நினைப்பு. முன்னதை நிறுத்த ஷெட் வேண்டும். பின்னதை நிறுத்த இடமே தேவையில்லை. அதனால்தானோ என்னவோ அது யார் கண்ணிலும் படுவதில்லை.

"நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அவர் கேட்டா சொல்லிடுவேன்" என்றார் கடைசியில்.

"கேட்க மாட்டார்" என்றார் பொருளாளர்.

பெயிண்டர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். "உட்கார்ந்துடறேன்மா. நமக்கு உதவி பண்ணவருக்கு இது கூடச் செய்யலேன்னா எப்படி? முகத்தை எப்படி வெச்சுக்கணும்?"

"சாதாரணமா இருங்க" என்றார் அக்கா.

"கொஞ்சம் சோர்வா" என்றார் பொருளாளர்.

"ரெண்டும் ஒரே முகம்தான் இவருக்கு" என்றார் பெயிண்டரின் மனைவி.

முதலாளி வருகிற நாள் காலையில் அக்கா காபியைக் குடிக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் முழுக்கத் தெரிந்த கணவர், "நீ புகார்ப் பிரிவுல இருந்தப்ப கூட இப்படி முழிச்சதில்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மெக்கானிக்குகள் பழுதைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

பெயிண்டர் வீட்டு முன்னறையில் எல்லாம் தயாராக இருந்தது. துணிக்குன்று கட்டிலுக்கடியில் போயிருந்தது. கைத்தடி கதவுக்குப் பின்னால். நாற்காலியின் முதுகில் இருந்த முதலாளியின் பெயரை யாரோ ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கியிருந்தார்கள். பெயிண்டர் மடியில் ஒரு போர்வை. ஒத்திகையில் இல்லாதது, அவராகவே சேர்த்துக்கொண்டது.

முதலாளி வாசலில் காலெடுத்து வைத்தார்.

பெயிண்டர் எழுந்து நின்றார்.

வேறென்ன செய்வார், பாவம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து பெயிண்ட் அடித்தவர். வீட்டுக்காரர் உள்ளே வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல. அதுவும் வருகிறவர் நாற்காலி கொடுத்தவர். மடியிலிருந்த போர்வை காலடியில் விழ, "வாங்கய்யா, உட்காருங்க" என்று தன் சக்கர நாற்காலியையே முன்னால் தள்ளிவிட்டார். தள்ளிய பிறகுதான் தான் நிற்பது அவருக்கு உறைத்தது.

பெயிண்டர் மறுபடி உட்காரலாமா என்று பின்னால் பார்த்தார். உட்கார வேண்டியதோ முன்னால் இருந்தது.

பொருளாளர் சுதாரித்துக்கொண்டார். "பாருங்க, உங்களைப் பார்த்ததும் எழுந்துட்டார். எல்லாம் நீங்க வந்த நேரம்."

இதை ஒரு மனிதன் நம்புவானா என்று கேட்கலாம். முதலாளியின் முகத்தில் அந்த நம்பிக்கை மெல்ல ஏறியது. எந்தப் பூட்டையும் இழுத்துப் பார்க்காமல் விடாதவர், தன்னைப் பற்றிய நல்ல செய்தியை இழுத்துப் பார்க்கவில்லை. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்வேன் என்ற அக்காவின் ஏற்பாடு அதோடு தீர்ந்துபோனது.

"ஐயா" என்றார் அக்கா. "அவர் மூணு வாரமா நடக்கறார்."

பொருளாளர் கூரையைப் பார்த்தார்.

"நான் உங்களுக்குச் சொன்னது பழைய சேதி. சரிபார்க்காமச் சொல்லிட்டேன். அப்புறம் தெரிஞ்சும் இன்னைக்கு இவரை உட்கார வெச்சோம். நீங்க பார்க்கணும்னு சொன்னீங்கன்னு. என் தப்பு. அவ்வளவுதாங்க."

முதலாளி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை நகர்த்தினார். பிரேக்கைப் போட்டு, உடம்பைக் குலுக்கி, அது பிடிக்கிறதா என்று பார்த்தார்.

"வலது பக்கம் பிடிக்கல" என்றார்.

"அது முதல்லேர்ந்தே அப்படித்தாங்க" என்றார் பெயிண்டர். "இறக்கத்துல நான் இடது பக்கமாவே சாய்ஞ்சுக்குவேன்."

"மூணு வாரமா இதை யார் ஓட்டினாங்க?"

"துணி" என்றார் பெயிண்டரின் மனைவி.

முதலாளி அக்காவைப் பார்த்தார். "இதுக்கு வேற ஆள் காத்திட்டிருக்காங்களா?"

"ஒரு டீச்சர் இருக்காங்க."

"அவங்களைக் காக்க வெச்சுட்டா எனக்கு நாடகம் போட்டீங்க?" குரல் உயரவில்லை. ஆனால் புகார்ப் பிரிவில் பாதி ஆயுள் வாங்கிய திட்டெல்லாம் இதன் பக்கத்தில் வராது என்று அக்காவுக்குத் தோன்றியது.

"சார், அந்த வேன் விஷயம்" என்று பொருளாளர் தொடங்கினார்.

"என்ன வேன்?"

"நீங்க கேட்டீங்களே, வேன் இருக்கான்னு."

"இருக்கான்னுதானே கேட்டேன்" என்றார் முதலாளி. அதோடு, நிறம்வரை முடிவாகியிருந்த வேன் வந்த வழியே திரும்பிப் போனது.

நாற்காலியை மடக்கி முதலாளியின் கார் டிக்கியில் ஏற்றினார்கள். டிக்கி மூடவில்லை, பெயிண்டர் கயிறு கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார். அடுத்த தெருவில் டீச்சர் வீடு. அக்கா பின் இருக்கையில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்த டீச்சரின் மகளுக்கு அக்காவைத் தெரியும், முதலாளியைத் தெரியாது. கையில் நாற்காலியோடு நின்றவரைப் பார்த்து, "அண்ணே, அப்படியே உள்ள கொண்டு வாங்க. சக்கரத்தைத் துடைச்சுட்டு வாங்க, இப்பத்தான் தரையைக் கழுவினேன்" என்றாள்.

அக்கா வாயைத் திறந்தார். முதலாளி வேண்டாம் என்று தலையசைத்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் குனிந்து சக்கரத்தைத் துடைத்தார்.

"அந்தப் பக்கமும்" என்றாள் மகள்.

துடைத்தார். உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. "யாருடி அது?"

"நாற்காலி வந்திடுச்சும்மா. ஆள் கொண்டு வந்திருக்கார்."

"அவருக்குத் தண்ணி கொடு."

தண்ணீர் குடித்துவிட்டு, வலது பிரேக் பிடிக்காது, நாளை ஆள் வந்து சரிசெய்யும்வரை இறக்கத்தில் விட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிப் போனார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை அக்கா முன்னறையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று அந்த மனிதர் அங்கேயே இருந்தார். நாற்காலி எந்த வீட்டில் இருக்கிறது என்று அவருக்கே தெரியும். கோபம் ஆறியிருக்குமோ இல்லையோ. ஆனாலும் ஒரு நாற்காலி புது வீட்டுக்குப் போயிருக்கிறது. இந்த முறை முதலில் டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, பிறகு எண்ணைச் சுழற்றினார்.

"என்ன வேணும்?" என்றது பூட்டுக்கடை.

"ஒண்ணும் வேணாங்க. இன்னைக்குக் காலையில டீச்சர் அவங்களாவே குளியலறை வரைக்கும் போனாங்களாம். மக பின்னாலயே வந்ததுக்கு, 'வகுப்புல போய் உட்காரு'ன்னு விரட்டினாங்களாம். நன்றிங்க."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"இது எப்ப நடந்தது?"

"இப்ப. விசாரிச்சுட்டுத்தான் பேசறேன்."

"பிரேக்குக்கு ஆள் அனுப்பியிருக்கேன்" என்றார் முதலாளி. "அப்புறம், செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கடை லீவு. கடை வண்டி சும்மாதான் நிக்கும். நாற்காலி, கட்டில் ஏதாவது போக வேண்டியிருந்தா அன்னைக்கு வெச்சுக்குங்க. வண்டியில பேர் கீர் எழுத வேணாம். பூட்டுக்கடைன்னு ஏற்கெனவே இருக்கு."

அக்காவுக்கு அவருடைய வழக்கமான சொல் வாய்வரை வந்தது. அதற்குள் முதலாளியே, "அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.