எட்வேட் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சோலோ

ரொக் கிற்றார் வாசிக்கிற ஒருவன் பெரிய ஆளா இல்லையா என்று மேடைக்கு முன்னால் நின்று துள்ளுகிறவர்களிடம் கேட்கக் கூடாது. அவர்களுக்கு வேகம் தெரியும், தலைமயிர் தெரியும், முழங்காலில் விழுந்து வாசிப்பது தெரியும். கேட்பதென்றால் பின்னால் இருந்து டிரம்ஸ் அடிக்கிறவனிடம்தான் கேட்க வேண்டும். வருடக்கணக்காக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன்தானே.

மன்னாரில் எட்வேட்டின் முதுகைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்தவர் பைறூஸ். நகரத்தில் அண்ணனோடு சேர்ந்து ஹாட்வெயார் கடை நடத்துகிறவர். எட்வேட்டின் வாசிப்பைப் பற்றி யாராவது விசாரித்தால் விரல் வேகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டார். "நான் அடிக்கிறது அவனுக்குக் கேக்கும். மற்றவங்களுக்கு அவங்கட சத்தம்தான் கேக்கும்" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் புகழ்வது பைறூஸுக்கு வராது.

எட்வேட்டுக்கு நாற்பத்தொன்பது வயது. தோட்டவெளியில் வீட்டோடு ஒரு தகரக் கொட்டில் போட்டு, படகு எஞ்சின் திருத்துகிறார். திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுவிட்டு, இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்வார். சொன்னது தப்பாது. சனிக்கிழமை பின்னேரம் கையிலுள்ள கறுப்பைக் கழுவிவிட்டு, கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போவார். 'உப்பளம்' என்ற இசைக்குழுவில் அவர் முதல் கிற்றார். பாட்டும் பேஸ் கிற்றாரும் மில்ரன். இரண்டாவது கிற்றார் கிருஷாந்தன், அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன், வாய் திறந்து பேசாத பிள்ளை என்று பெயரெடுத்தவன், அதுவும் முப்பத்தேழு வயதில்.

எட்வேட்டைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. ஒரு மேடையில் மில்ரனுக்கு இரண்டாம் சரணம் அடியோடு மறந்துபோயிற்று. எட்வேட் அதே துண்டைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு, ஏதோ வேண்டுமென்றே செய்வதுபோல் சிரித்துக்கொண்டு நின்றார். ஆறாவது தடவையில் மில்ரனுக்குச் சொல் வந்தது. சனம் அதை ஒரு புதுமை என்று நினைத்துக் கைதட்டியது. ஒருமுறை கொழும்பில் பெயர்பெற்ற ஒரு குழு அவரைக் கூப்பிட்டது. போனவர் நாலாம் நாள் திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கை எல்லாரும் ஒரே நேரத்திலை கதைக்கினம்" என்றார். கிற்றாரைப் பற்றிச் சொன்னாரா, மனிதர்களைப் பற்றிச் சொன்னாரா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஆனால் நிலவுக்கும் களங்கம் உண்டே. எட்வேட்டின் களங்கம் ஒரு சோலோ.

'பாலத்துக்கு இந்தப் பக்கம்' என்பது உப்பளத்தின் சொந்தப் பாட்டு. அதன் நடுவில் மற்ற எல்லோரும் தாழ்ந்துகொடுக்க, எட்வேட் தனியாக வாசிக்கும் இரண்டு நிமிடம் வரும். சனம் அதற்காகத்தான் வரும். மற்ற எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் பங்கிட்டுக் கொடுத்த அந்த மனிதர், இந்த இரண்டு நிமிடத்தை மட்டும் பத்தொன்பது வருடம் யாரையும் தொடவிடவில்லை. டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அன்றைக்கு மட்டும் தான் வாசிக்கட்டுமா என்று கிருஷாந்தன் தயங்கித் தயங்கிக் கேட்டான். எட்வேட் அந்தப் பாட்டையே பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார். "பெத்த பிள்ளையையும் ஆரிட்டையும் தூக்கக் குடுப்பியள். உதை மட்டும் குடுக்கமாட்டியள்" என்று மனைவி பெற்றிசியா சொல்லிக் காட்டுவாள். அவர் கிற்றாரைத் துடைத்து உறைக்குள் வைப்பார்.

பயிற்சி நடப்பது பைறூஸின் கடைக்குப் பின்னாலுள்ள களஞ்சிய அறையில், சீமெந்து மூட்டைகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில். இரண்டு ஒழுங்கை தள்ளிப் பள்ளிவாசல். பின்னேர அஸர் தொழுதுவிட்டு பைறூஸ் வந்ததும் தொடங்கினால், பொழுதுபடத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு வரை வாசிப்பார்கள். பாங்கின் முதல் சொல் காற்றில் வந்ததும் எட்வேட்டின் கை கம்பிகளில் படிந்து சத்தத்தை அடக்கிவிடும். எந்தப் பாட்டின் எந்த இடமாக இருந்தாலும் சரி. டிரம்ஸுக்குள் மூழ்கியிருக்கும் பைறூஸுக்கே அதன் பிறகுதான் விளங்கும். "தொழப் போற எனக்கு முன்னம் ஞானஸ்நானம் எடுத்த உனக்குக் கேக்குது, மச்சான்" என்று அவர் பகிடி விடுவார். தொடக்கத்தில் இந்தக் கொட்டு முழக்கத்தைப் பற்றி முகம் சுளித்த பள்ளிவாசல் ஆட்களும், இதைக் கண்டபிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பேய்த்தனமாக அடித்தது. வைகாசியில் தொடங்கிய காற்று மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டியது. கடற்கரையோரக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றின. எட்வேட்டுக்குக் கைபேசி அடிப்பது கேட்காமல் போனது அப்போதுதான். பெற்றிசியா கடைக்குப் போயிருந்த நேரம் குக்கர் விசிலடித்து, விசிலடித்து, பருப்புக் கரியாகிப்போனது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த அவர் அசையவில்லை.

"உந்தக் காத்து காதை அடைச்சுப் போட்டுது" என்றார். ஊரும் ஒத்துக்கொண்டது. சோளகத்தில் காது மந்தமாவது இங்கே புதினமில்லை. பாதிப் பேர் பஞ்சு வைத்துக்கொண்டுதான் திரிவார்கள். எட்வேட்டும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, சோளகம் போகட்டும், எல்லாம் சரிவரும் என்று ஐந்து மாதம் காத்திருந்தார். காற்றுக் காலத்தில் விழாவும் இல்லை, பயிற்சியும் இல்லை. எஞ்சின் வேலையில் ஒரு பிழையும் வரவில்லை. எஞ்சின் அடித்தொண்டையில் பேசுவது. அது நன்றாகவே கேட்டது. அதனால் அவருக்குச் சந்தேகம் வரவும் இல்லை.

ஐப்பசி வந்தது. காற்று அடங்கிற்று. கடல் தகடுபோலக் கிடந்தது. பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, சனிக்கிழமை பயிற்சிக்குப் போனார்.

மாத முடிவில் தோட்டவெளி விளையாட்டுக் கழகத்தின் விழா. அதற்காகப் 'பாலத்துக்கு இந்தப் பக்கம்' வாசித்துக்கொண்டிருந்தார்கள். சோலோ வந்தது. எட்வேட் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, மனத்தில் பதிந்து கிடந்ததைக் கேட்டபடி வாசித்தார். மேலே மேலே போய், கம்பியை இழுத்து, திரும்ப இறங்கும்போது காலுக்குக் கீழே ஏதோ குறைந்தது. நிலத்தினூடாக ஏறிவரும் டிரம்ஸின் அதிர்வு இல்லை. கண்ணைத் திறந்தார். பைறூஸ் குச்சிகளை மடியில் வைத்திருந்தார். மில்ரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிருஷாந்தனின் கை கம்பிகளின் மேல் விரித்தபடி கிடந்தது. வாசலில் கடைப் பெடியன்கள் நின்றார்கள்.

பைறூஸ் எழும்பி வந்து, எட்வேட்டின் கிற்றார்க் கம்பிகளில் மெல்லக் கையை வைத்தார். "பாங்கு, மச்சான்" என்றார்.

பாங்கு முடியும் தறுவாயில் இருந்தது. அப்போதும் எட்வேட்டுக்கு அது கேட்கவில்லை.

அந்த வெட்கத்தை என்னவென்று சொல்வது! கிற்றாரை உறையில்கூட வைக்காமல் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர், வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு நேரே ஹாட்வெயார் கடைக்குப் போனார். கல்லாவில் பைறூஸின் அண்ணன் ஜுனைதீன் இருந்தார். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர்.

"ஜுனைதீன் நானா, நேற்று நடந்ததுக்கு..." என்று தொடங்கிய எட்வேட் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஜுனைதீன் கதிரையை இழுத்துப் போட்டார். "முதல்ல இரிங்க. ராத்திரித் தொழுகை முடிஞ்சு வெளிய வந்து நாங்க எல்லாரும் உங்களப் பத்தித்தான் கதைச்சம்."

"எல்லாருக்கும் கோவம்தானே?"

"கோவமா?" என்றார் ஜுனைதீன். "வேற ஆளெண்டா கோவிச்சிருப்பம். நீங்க பாங்குக்கு மேல வாசிச்சா அதுக்கு ஒரு கருத்துத்தான் இரிக்கி. எட்வேட்டுக்குக் காது கேக்கல்ல, ஆராவது கூட்டிப் போய்க் காட்டுங்க எண்டு தொழுகை வரிசையில நிண்ட கிழவன் முதக்கொண்டு சொல்றான். நாளைக்கே போங்க, தம்பி."

எட்வேட் கடைக்குள்ளேயே அழுதுவிட்டார். ஆணி வாங்க வந்தவர்கள் பார்க்காததுபோல் நின்றார்கள். பெரிய மேடைகளில் மாலை வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். பிழை விட்டபோதும் இவன் வேண்டுமென்று விடமாட்டான் என்று ஒரு ஊர் நம்புவதற்கு, அந்த மாலைகளெல்லாம் ஈடாகாது என்பது என் எண்ணம்.

ஆஸ்பத்திரியில் காது டொக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு படத்தின் இடது பாதியில் ஒழுங்காக ஓடி, வலது பாதியில் விழுந்து கிடந்தது. "கீழ்ச் சத்தங்கள் கேட்கும். மேல் சத்தங்கள் போய்விட்டன. எஞ்சினும் டிரம்ஸும் சேர்ந்து செய்த வேலை. காற்றுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். கருவி போடலாம், பேச்சு விளங்க உதவும், ஆனால் போனது போனதுதான்.

"கையே வாசிக்கும்" என்று வரும் வழியில் பெற்றிசியாவிடம் சொன்னார் எட்வேட். "பத்தொன்பது வருசம் வாசிச்ச கை. அதுக்குக் காது தேவையில்லை."

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் இருந்து சோலோவை முழுதாக வாசித்தார். குசினி வாசலில் நின்று கேட்ட பெற்றிசியாவிடம், "சரியே?" என்றார். "சரி, சரி" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். அந்த அவசரம் அவருக்குப் பிடிக்கவில்லை. சுருதி பார்க்கிற செயலியைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு திரும்ப வாசித்தார். விரல் வைத்த இடமெல்லாம் முள் நடுவில் நின்றது. கம்பியை இழுத்து ஏற்றுகிற இடங்கள் வந்தபோது முள் ஒருதரம் தாண்டிப் போயிற்று, ஒருதரம் எட்டாமல் நின்றது. எவ்வளவு இழுப்பது என்று கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இத்தனை காலமும் காதுதான். பெற்றிசியா வந்து பக்கத்தில் இருந்து, அவருடைய முதுகைத் தடவினாள்.

அடுத்த நாள் மத்தியானம் எட்வேட் கிருஷாந்தனின் கந்தோருக்குப் போனார். அவன் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"சோலோவை நீ வாசி."

கிருஷாந்தன் எழும்பிவிட்டான். "நான் அதைப் பழகேல்லை, அண்ணை."

"பொய் சொல்லாதை. எத்தினை வருசமாப் பழகுறாய்?"

அவன் சோற்றைப் பார்த்தபடி, "பத்து" என்றான். "வீட்டிலை ஹெட்போனைப் போட்டுக்கொண்டு. ஒருத்தருக்கும் தெரியாது."

பத்து வருடம் ஒருவன் தன் பக்கத்தில் நின்று, கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இருந்திருக்கிறான். எல்லோரையும் கேட்டு வாசிக்கிறவர் என்று பெயர் வாங்கிய எட்வேட்டுக்கு அது மட்டும் கேட்காமல் போயிருக்கிறது, அதுவும் காது நன்றாக இருந்த காலத்தில். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கடை மாதிரியே வாசிக்கட்டா, அண்ணை?"

ஓம் என்று சொல்லத்தான் எட்வேட்டின் வாய் உன்னியது. பத்தொன்பது வருட ஆசை லேசில் சாகுமா? "எனக்குக் கேக்கப் போறதில்லை" என்றார் கடைசியில். "நீ உனக்குப் பிடிச்ச மாதிரி வாசி. கீழை நான் பிடிச்சுக்கொண்டு நிப்பன்."

விழா ஞாயிறு பின்னேரம், வெயில் இன்னும் மேடையில் விழுந்துகொண்டிருந்த நேரம். நகரத்திலிருந்து கடைக்காரர்கள், பேசாலையிலிருந்து இளசுகள், பாய் விரித்த குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. 'பாலத்துக்கு இந்தப் பக்கம்' தொடங்கும் முன்பே சனம் எட்வேட்டின் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கிற்று. கிருஷாந்தனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எட்வேட் மில்ரனிடம் ஒலிவாங்கியை வாங்கினார். பேச்சு அவருக்கு வராது. நேரே விசயத்துக்கு வந்தார்.

"எனக்குக் காது பழுதாப் போச்சு. மேல் சத்தம் ஒண்டும் கேக்குதில்லை. இனி இந்த சோலோ கிருஷாந்தன்ரை. முந்தியே குடுத்திருக்கோணும், எனக்கு மனம் வரேல்லை. அவனை வடிவாக் கேளுங்கோ."

கூவல் நின்றுவிட்டது. எட்வேட் பின்னால் நடந்து, டிரம்ஸுக்குப் பக்கத்தில், பைறூஸின் கால் மிதிப்பது உள்ளங்காலில் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டார். பைறூஸ் அவரைப் பார்க்காமலே எண்ணித் தொடங்கினார்.

சோலோ வந்தது. கீழே மூன்று கோர்டுகளை எட்வேட் மாற்றி மாற்றி வாசித்தார். முதல் சில சுரங்கள் அவருக்கு மங்கலாகக் கேட்டன. பிறகு கிருஷாந்தனின் விரல்கள் கிற்றாரின் கழுத்தில் மேலே ஏறின. அதற்குப் பிறகு எட்வேட்டுக்கு ஒன்றும் இல்லை. விரல்கள் ஓடுவதும், தோள் உயர்வதும், கம்பி வளைவதும்தான் தெரிந்தன. அவர் வழக்கமாக இறங்குகிற இடத்தில் அவன் இறங்கவில்லை. எட்வேட் அவனுடைய தோளையே பார்த்துக்கொண்டு, கோர்டை மாற்றாமல் காத்து நின்றார். இரண்டு சுற்று, மூன்று சுற்று. தோள் தாழ்ந்ததும் மாற்றினார். முன்வரிசையில் ஒரு மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார். பைறூஸ் சிரித்துக்கொண்டிருந்தார், அவர் மேடையில் சிரித்து எட்வேட் கண்டதில்லை. பாட்டு முடிந்து எழுந்த ஆரவாரம் மட்டும் அவருக்கு முழுதாகக் கேட்டது.

இறங்கி வந்தவர் பந்தலின் பின்பக்கம் பெற்றிசியாவைத் தேடிப் பிடித்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"நல்லா வாசிச்சவனே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஓம்" என்றாள். "உங்களைவிட நல்லா."

எட்வேட் மூச்சை இழுத்து விட்டார். பிறகு, அவரே எதிர்பாராதபடி, சிரிப்பு வந்தது. "எந்த இடத்திலை? என்ன செய்தவன் மேலை போய்?"

பெற்றிசியா சுற்றிவரப் பார்த்தாள். பிறகு எட்டி, அவருடைய காதோடு வாயை வைத்து, அவன் மேலே வாசித்ததை எல்லாம் கீழே இறக்கி, அடிக்குரலில் மெல்ல மெல்லப் பாடிக் காட்டினாள்.