தாண்டவராயன் கொடுத்த திருநீறு

காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் வரும் சிற்றூரில், வேடியப்பன் கோயிலுக்குப் பூசாரி தாண்டவராயன். சாமை விதைப்பார், புளி உலுக்குவார், செவ்வாய்க்கிழமைகளில் குறி சொல்வார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள்.

1977 தை மாதம் பக்கத்து வீட்டு மாதையன் இருமலோடு வந்தார். தாண்டவராயன் திருநீறு பூசி, "மூணு வாரத்துல சரியாப்பூடும்" என்றார். மூன்று வாரம் மூன்று மாதமானது. சித்திரையில் ஒருநாள் காலை மாதையன் கோயில் வாசலிலேயே ரத்தம் கக்கினார்.

தொற்றிக்கொள்ளும் என்று ஊரார் விலகி நின்றார்கள். தாண்டவராயனே கழி வெட்டிப் போர்வையில் டோலி கட்டினார். முன்னால் அவர், பின்னால் மாதையனின் தம்பி ரங்கன். தூக்கிக்கொண்டு நடந்தே மலையடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். டாக்டர் டி.பி. என்றார். "இவ்ளோ நாளா எங்க இருந்தீங்க?"

ரங்கன் பூசாரியைப் பார்த்தான். பூசாரி தரையைப் பார்த்தார்.

மாதையன் அங்கேயே தங்கி ஊசி போட்டுக்கொண்டார். மனைவி சுந்தரம்மாள் கூட இருந்தாள். அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பூசாரி வீட்டில்தான் சோறு. அவர்கள் நிலத்தையும் அவரே உழுது சாமை விதைத்தார். வாரம் ஒருமுறை கேழ்வரகு மாவு எடுத்துக்கொண்டு கீழே போவார். கிளம்பும்போதெல்லாம் சாமியிடம் ஒன்றைத்தான் கேட்டார்: என் பிழைக்கு அவனை எடுத்துக்கொள்ளாதே.

ஆடி முடிவதற்குள் மாதையன் இறந்துபோனார்.

அதன்பின் குறி சொல்ல உட்கார்ந்தால் தாண்டவராயனுக்கு நாக்கு எழவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு வந்துவிடுவார். அறுவடை முடிந்ததும் சுந்தரம்மாள் புதுச் சாமையில் பொங்கல் வைக்கப் பானையோடு கோயிலுக்கு வந்தாள்.

"என்னாலதான் அவன் போனான், சுந்தரம்மா. திருநீறு குடுத்தே மூணு மாசத்த ஓட்டிட்டேன்" என்றார்.

அவள் அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆமாங்க. முன்னயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு. உங்கள நான் திட்டாத நாளில்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க வர்ற?"

"சாமிகிட்ட எதுவும் கேக்கறதுக்கு வரலீங்க. ஆஸ்பத்திரில யாருமே கிட்ட வரல. சாமி எங்கூட இருந்துச்சு. வாரம் தவறாம நீங்க வந்தீங்க. எனக்கு ரெண்டும் வேற வேறயாத் தெரியல."

தாண்டவராயன் பானை பொங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அடுத்த மாதம் சகுந்தலா என்ற பெண் இருமிக்கொண்டே வந்தாள். நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, "எத்தினி நாளா?" என்றார்.

"பத்து நாளாங்க."

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வா, ஆலங்காயம் போய்ட்டு வர்லாம்."

சுந்தரம்மாளும் கூடவே கிளம்பினாள். "எந்த டாக்டரப் பாக்கணும்னு எனக்குத்தான தெரியும்" என்றாள்.